அறுவர் ஆடும் ஆட்டம்

பயணக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் போய் வந்தவர்களாக இருப்பார்கள். ரயில்வே குமாஸ்தாவுக்குக் கிடைக்கும் பாஸோ இந்தியாவின் எல்லையைத் தாண்டிச் செல்லாது. ஆயினும், கால அட்டவணையையும் பாதைப் படத்தையும் நாள்தோறும் புரட்டிப் பழகிய கண்ணுக்கு, காணாத ஊரும் ஓரளவு கண்ட ஊர்தான். அந்தத் துணிவில், சில மாதங்களாக ஓய்வு வேளைகளில் நிலப்படத்தின் மேலும் நூல்களின் வழியாகவும் நான் உலவி வந்த ஒரு நிலப்பகுதியை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். அங்கே பார்க்கத் தாஜ்மகால் இல்லை, நயாகராவும் இல்லை. சோளக் கொல்லைகளும், சிற்றூர்களும், அச்சிற்றூர்ப் பள்ளிகளில் பிறந்த விசித்திரமான ஒரு விளையாட்டும் உண்டு.

ஐக்கிய அமெரிக்க நாட்டின் ஏறக்குறைய நடு மையத்தில் நெப்ராஸ்கா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தென்கிழக்குப் பகுதியில், கான்ஸாஸ் மாநில எல்லையை ஒட்டியது தேயர் மாவட்டம். லிட்டில் புளூ என்னும் சிற்றாறு அதன் வழியே ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரிகான் நாட்டை நோக்கி மாட்டு வண்டிகளில் குடிபெயர்ந்த மக்கள் கூட்டம் கூட்டமாக இவ்வாற்றங்கரையோடுதான் சென்றனர். பின்னர் ரயில் வந்தது.

ரயில் வந்த கதை நம்மவர்களுக்குச் சுவையாக இருக்கும். ஸெயின்ட் ஜோஸப் நகரிலிருந்து டென்வர் வரை போவதாகப் பெயர் சூட்டிக்கொண்ட ஒரு கம்பெனி 1870-களின் தொடக்கத்தில் இவ்வழியே தண்டவாளம் போட்டது. டென்வரை அது எட்டவேயில்லை. ஆனால் போகிற வழியில் நிலையங்களுக்குப் பெயர் வைக்கும் வேலையை மட்டும் வெகு ஒழுங்காகச் செய்தது. ஆங்கில நெடுங்கணக்கின் வரிசைப்படி அலெக்ஸாண்டிரியா, பெல்விடியர், கார்ல்டன், டேவன்போர்ட், எட்கர், ஃபேர்ஃபீல்டு, கிளென்வில், ஹேஸ்டிங்ஸ் என்று ஏ-யில் தொடங்கி எச் வரை ஊர்களை நட்டுக்கொண்டே போயிற்று. இன்றும் அவ்வூர்கள் அதே பெயரோடு, அதே வரிசையில் இருக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிக்கெட் குமாஸ்தாவுக்கு இதைவிட எளிதான பிரிவு உலகில் வேறெங்கும் வாய்த்திராது!

இப்படி நெருக்கமாக நிலையங்கள் வைத்ததற்குக் காரணம் உண்டு. நீராவி எஞ்சினுக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். குடியானவன் குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்து, இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆகவே சில மைலுக்கு ஒரு நிலையம். நிலையத்துக்கு ஒரு களஞ்சியம், ஒரு கடைத்தெரு, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். குதிரையின் கால் வேகத்தை அளவாகக் கொண்டு அமைந்த ஊர்கள் அவை. மோட்டார் வண்டி வந்ததும் அந்த அளவு பொருளற்றுப் போயிற்று. டிராக்டர் வந்ததும் பத்துப் பேர் செய்த உழவை ஒருவரே செய்தார். ஊர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. மக்கள் குறைந்துகொண்டே வந்தனர்.

மாவட்டத்தின் தலைநகரான ஹீப்ரனில் இன்று வாழ்வோர் ஏறக்குறைய 1,500 பேர்தாம். தெற்கே எல்லையோரம் இருக்கும் செஸ்டரில் சுமார் 200 பேர். அலெக்ஸாண்டிரியாவில் அதற்கும் குறைவு. பெல்விடியரில் நூறு பேர்கூட இல்லை. நம் ரயில்வே காலனியின் இரண்டு மூன்று கட்டிடங்களில் அடங்கிவிடும் ஜனத்தொகை! ஹீப்ரன் நகரப் பூங்காவில், பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் ஒருசேர அமரத்தக்க பெரிய ஊஞ்சல் ஒன்று இருக்கிறது. திண்ணை ஊஞ்சல்களில் உலகிலேயே பெரியது அதுவே என்று ஊரார் சொல்லிக்கொள்கிறார்கள். ஊர் சிறியதானாலும் ஊஞ்சலாவது பெரியதாக இருக்கட்டும் என்னும் அந்த மனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கால்பந்து என்று பெயர், கையில் பந்து

இனி விளையாட்டுக்கு வருவோம். அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூர்ந்து, தேங்காய் போல் நீண்டிருக்கும். காலால் உதைப்பது அரிது. கையில் ஏந்தி ஓடுவதும், எறிந்து பிடிப்பதுமே மிகுதி. பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்நான்கிற்குள் பத்து கஜமாவது முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லாவிடில் பந்து எதிரிக்குப் போய்விடும். இப்படி அங்குலம் அங்குலமாக நகர்ந்து எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டால் ஆறு புள்ளிகள். எதிரணியார் சும்மா இருப்பார்களா? பந்தை ஏந்தியவனைக் கட்டிப் பிடித்துத் தரையில் சாய்ப்பதே அவர்கள் தொழில். நம் சடுகுடு ஆட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

முறையான ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர். மைதானம் 100 கஜ நீளம். அகலம் 53 கஜத்துக்குச் சற்று அதிகம். நெப்ராஸ்கா மக்களுக்கு இவ்விளையாட்டின்மேல் உள்ள பற்று சொல்லி முடியாது. மாநிலத் தலைநகரான லிங்கனில் பல்கலைக்கழக அணி ஆடும் அரங்கில் எண்பதாயிரம் பேரளவில் கூடுகிறார்கள். ஆட்டம் நடக்கும் நாளில் அந்த அரங்கமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்பார்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில், நூறு மாணவர்கூட இல்லாத பள்ளியில் படிக்கும் பையன் என்ன செய்வான்? பதினொருவரும், காயம்பட்டவர்க்கு மாற்றாகச் சிலரும், பழகுவதற்கு எதிராக நிற்க இன்னும் சிலரும் வேண்டுமே! பள்ளியிலுள்ள ஆண் பிள்ளைகள் அனைவரையும் கூட்டினாலும் கணக்கு நிரம்பாத ஊர்கள் பல. வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரிய ஊர்களில் விளக்கொளியில் ஆட்டம் நடக்கும். சிற்றூர்ப் பையன்கள் வானொலிப் பெட்டியின் அருகில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓர் உபாத்தியாயரின் யோசனை

1934-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி கடுமையாக இருந்த காலம். விளைபொருளுக்கு விலையில்லை, வங்கிகள் பல முறிந்துபோயிருந்தன. போதாக்குறைக்கு அவ்வாண்டு மழையும் பொய்த்து, சமவெளி எங்கும் புழுதிப் புயல் வீசிற்று. செஸ்டர் உயர்நிலைப் பள்ளியில் ஸ்டீபன் எப்ளர் என்னும் இளம் உபாத்தியாயர் பணியாற்றி வந்தார். பள்ளியில் பதினொருவர் அணிக்குப் பிள்ளைகளும் இல்லை. கவசம், தலைக்காப்பு முதலியவை வாங்கப் பணமும் இல்லை. அவர் நினைத்ததெல்லாம் இதுதான்: பதினொருவர் கிடைக்காவிட்டால் ஆறு பேரை வைத்து ஆடினால் என்ன?

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஐந்து பேரைக் கழித்துவிட்டால் மட்டும் ஆட்டம் அமைந்துவிடாது. பெரிய மைதானத்தில் அறுவர் ஆடினால் ஓட்டப் பந்தயமாகிவிடும். ஆகவே விதிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. இன்று வழங்கும் அறுவர் ஆட்டத்தின் விதிகளைப் பார்த்தால் அந்த நுட்பம் புலப்படும். மைதானம் 80 கஜ நீளமும் 40 கஜ அகலமுமாகச் சுருங்கியது. தடுப்பவர்கள் குறைவாதலால் முன்னேறுவது எளிது; அதற்கு ஈடாக, நான்கு முயற்சிகளில் பத்து கஜத்துக்குப் பதிலாகப் பதினைந்து கஜம் கடக்க வேண்டும். பதினொருவர் ஆட்டத்தில் முன்வரிசையின் நடுவில் நிற்கும் தடியர்கள் எறியும் பந்தைப் பிடிக்கக்கூடாது. அறுவர் ஆட்டத்தில் ஆறு பேரும் பிடிக்கலாம். இன்னொரு விதி மிகவும் அழகானது. முதலில் பந்தைப் பெறுபவன் தானே அதைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டி ஓடக்கூடாது. வேறொருவன் கைக்கு அது மாறியாக வேண்டும். வேகமான ஒரே ஒரு பையன் ஆட்டம் முழுவதையும் விழுங்கிவிட இயலாது. எஞ்சிய ஐவருக்கும் வேலை உண்டு.

புள்ளிக் கணக்கிலும் ஒரு மாறுதல் செய்திருக்கிறார்கள். எல்லையைக் கடந்த பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில், பெரிய ஆட்டத்தில் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கிடையே செலுத்தினால் ஒரு புள்ளி. ஓடியோ எறிந்தோ கடந்தால் இரண்டு. அறுவர் ஆட்டத்தில் இது தலைகீழ்: உதைத்தால் இரண்டு, ஓடினால் ஒன்று. உதைப்பவனைக் காக்க ஆள் போதாதாகையால் உதைப்பதே அங்கே கடினமான செயல். கடினமானதற்கு அதிகக் கூலி என்பது நியாயந்தானே! மேலும், பாதி ஆட்டம் முடியும்போதோ அதன் பிறகோ ஓர் அணி 45 புள்ளிகள் முந்திவிட்டால் ஆட்டம் அப்போதே முடிந்துவிடும். தோற்பவனை மேலும் மேலும் அடிப்பதில் என்ன பெருமை?

எப்ளரின் ஆட்டம் 1934 செப்டம்பர் மாத இறுதியில், ஓர் இரவு, ஹீப்ரன் கல்லூரி மைதானத்தில் விளக்கொளியில் முதன்முதலாக அரங்கேறிற்று. ஹீப்ரனும் செஸ்டரும் சேர்ந்து ஓர் அணி. ஏ, பி என்று தண்டவாளத்தின் வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் அலெக்ஸாண்டிரியாவும் பெல்விடியரும் சேர்ந்து மற்றோர் அணி. அணிகளின் பெயர்களையும் அப்படியே ஒட்டி, ஒன்றைச் செப்ரான் என்றும் மற்றொன்றைப் பெலெக்ஸ் என்றும் அழைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் பார்க்க வந்தார்கள். அந்த வறட்சி ஆண்டில், அத்தனை சிறிய ஊர்களில், ஆயிரம் பேர்! முடிவு 19-க்கு 19. வெற்றி தோல்வி இல்லை. புதிய ஆட்டத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமைந்திருக்க முடியாது.

சில ஆண்டுகளுக்குள் இவ்வாட்டம் சமவெளி முழுவதும் பரவிற்று. 1938-இல் டெக்ஸாஸ் மாநிலத்துப் பள்ளிகள் இதை ஏற்றன. கனடாவின் ஆல்பர்ட்டா, ஸஸ்காச்செவான் மாநிலங்களிலும் வேர்விட்டது. அறுவருக்கும் பதினொருவருக்கும் இடையில் வேறு படிகளும் தோன்றின. எண்மர் ஆட்டம் நெப்ராஸ்காவிலும் கான்ஸாஸிலும் அயோவாவிலும் பெருவழக்கு; ஒன்பதின்மர் ஆட்டத்தை மினஸோட்டாவிலும் இரு டகோட்டாக்களிலும் காணலாம். ஊருக்கு எத்தனை பிள்ளைகளோ அதற்கேற்ற ஆட்டம். சட்டைக்காக உடலைச் செதுக்காமல் உடலுக்கேற்பச் சட்டை தைக்கும் தையற்காரன் வேலை இது.

குறைந்த ஆட்டமா?

இது உண்மையான கால்பந்து அன்று, பிள்ளை விளையாட்டு என்று இகழ்ந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு விடை சில மனிதர்களின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஜாக் பார்டீ என்பவர் டெக்ஸாஸில் கிறிஸ்டோவல் என்னும் சிற்றூரில் அறுவர் ஆட்டம் ஆடி வளர்ந்தவர். பின்னர் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் கல்லூரியிலும், தொழில்முறை அணிகளிலும் ஆடி, இறுதியில் அதே தொழில்முறை அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் உயர்ந்தார். நெப்ராஸ்காவைச் சேர்ந்த டீன் ஸ்டைன்கூலர் பள்ளியில் எண்மர் ஆட்டம் ஆடியவர். 1983-இல் நாட்டிலேயே சிறந்த முன்வரிசை வீரருக்குரிய அவுட்லண்டு பரிசைப் பெற்றார். 1994-இல் கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருதாகிய ஹைஸ்மன் கோப்பையை வென்ற ரஷான் சலாம், கலிபோர்னியாவில் ஒரு சிறு பள்ளியில் எண்மர் ஆட்டம் ஆடியவரே. சிறு வாய்க்காலில் நீந்தப் பழகியவன் ஆற்றில் மூழ்கிவிடுவான் என்பது இல்லை.

ஆனால் இம்மூவரைச் சுட்டி மட்டும் அறுவர் ஆட்டத்தை நியாயப்படுத்துவது எனக்கு உடன்பாடன்று. ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் புகழ் பெறுகிறவர் ஒரு சிலரே. மற்றவர்கள் வயலுக்கும், கடைக்கும், லாரி ஓட்டவும் போகிறவர்கள். அவர்களுக்கு இந்த ஆட்டம் தந்தது என்ன? தங்கள் ஊரின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு ஒருமுறை விளக்கொளியில் நிற்கும் வாய்ப்பு. பள்ளியில் எட்டே பையன்கள் இருந்தால் அந்த எட்டுப் பேரும் வேண்டும்; நடக்கத் தெரிந்தவன் ஓட வேண்டும், ஓடத் தெரிந்தவன் பிடிக்க வேண்டும். பெரிய பள்ளியில் வேலியோரம் நின்று கைதட்டியிருக்கக்கூடிய பையன், இங்கே இல்லாமல் தீராது என்கிற பையனாகிவிடுகிறான்.

இன்று அறுவர் ஆட்டத்தின் தலைமை வீடு டெக்ஸாஸ்தான். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் இதை ஆடுகின்றன. ஏறக்குறைய 105 மாணவருக்குக் குறைந்த உயர்நிலைப் பள்ளிகளுக்கு உரியது இவ்வகுப்பு. பரந்த மேற்குப் பகுதியில் ஓர் ஆட்டத்துக்கு நூறு மைலுக்கு மேல் பஸ்ஸில் போய் நள்ளிரவுக்குப்பின் திரும்புவது அங்கே சாதாரணம். 1972 முதல் மாநில அளவில் இறுதிப் போட்டி நடந்து வருகிறது. அண்மைக் காலத்தில் அந்த இறுதியாட்டம், எண்பதாயிரம் பேர் அமரும் ஆர்லிங்டன் நகரப் பேரரங்கில் நடக்கிறது. ஊர் மக்கள் அனைவரும் வந்தாலும் அரங்கின் ஒரு மூலையே நிரம்பும். ஆயினும் வருகிறார்கள், ஊரைப் பூட்டிவிட்டு வருகிறார்கள். 2009-இல் வயோமிங் மாநிலமும் நெடுநாளைக்குப்பின் மறுபடி இவ்வாட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. ஊர்கள் மெலியும் இடமெல்லாம் இது தேவைப்படுகிறது.

விளையாட்டு காத்ததும் காக்காததும்

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அறுவர் ஆட்டம் ஊர்களைக் காப்பாற்றிவிடவில்லை. முதலாட்டம் ஆடிய நான்கு ஊர்களில் செஸ்டர், பெல்விடியர், அலெக்ஸாண்டிரியா ஆகியவற்றுக்கு இன்று சொந்த உயர்நிலைப் பள்ளி இல்லை; மாவட்டத்தின் பிள்ளைகளில் பலர் ஹீப்ரனில் உள்ள தேயர் சென்ட்ரல் பள்ளிக்குச் செல்கிறார்கள். அதைக் குறை கூறுவதும் எளிதன்று. பிள்ளைகள் மிகக் குறைந்தபின், நல்ல ஆய்வுக்கூடமும் கணிதத்துக்கு ஒரு தனி ஆசிரியரும் வேண்டுமானால் பள்ளிகள் சேர்ந்துதான் ஆக வேண்டும். எந்த விதி மாற்றமும் பிறக்காத பிள்ளையை மைதானத்துக்குக் கொண்டு வராது.

எனினும், இடையில் கிடைத்த ஆண்டுகளுக்கு மதிப்பில்லையா? நாளை மூடப்போகும் பள்ளியிலும் இன்று படிக்கும் பிள்ளைக்கு இன்றுதான் பள்ளிப் பருவம். முழு எண்ணிக்கை சேரும் வரை காத்திரு என்று அவனிடம் சொன்னால், அவன் பருவம் காத்திராது. எப்ளர் கண்டுகொண்டது இந்த ஒன்றைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றி ஒரு சொல் இங்கே சொல்வது பொருந்தும். ஒரு காலத்தில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்த கூடத்தில் இப்போது ஒன்பது பேர். பலர் ஓய்வுபெற்று ஊர் திரும்பிவிட்டனர்; பலர் மாற்றலாகிப் போயினர். ஒன்பது பேருக்காகக் கூடம் திறந்து, விளக்கெரித்து, ஆசிரியரை வருத்த வேண்டுமா, அடுத்த கூட்டத்தில் வகுப்பை நிறுத்திவிடலாமே என்ற பேச்சு செயற்குழுவில் எழுந்திருப்பதை அன்பர்கள் அறிவர். அதைச் சொல்பவர்களும் சங்கத்தின்மேல் அன்பில்லாதவர்கள் அல்லர், கணக்குப் பார்க்கிறவர்கள். கணக்கு பொய்யன்று. ஆனால் நாற்பது பேருக்கென்று போட்ட திட்டத்தை ஒன்பது பேர்மேல் ஏற்றிவிட்டு, அது பொருந்தவில்லை என்று சொல்வது முறையா? மூன்று வகுப்புகளை ஒன்றாக்கலாம். பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்கு எழுத்துக் காட்டலாம். கூடம் வேண்டாம், முறை வைத்துக்கொண்டு ஒருவர் வீட்டு முன்னறை போதும். ஆண்டுவிழா நாடகத்துக்கு இருபது பாத்திரம் வேண்டாம். நான்கு பாத்திரம் போதும், நால்வருக்கும் வசனம் நிறைய இருக்கட்டும். மைதானத்தைச் சுருக்குவோம், ஆட்டத்தை நிறுத்த வேண்டாம்.

எப்ளரின் பிற்கால வாழ்க்கையையும் சொல்லி முடிக்கிறேன். அவர் ஆரிகான் மாநிலத்துக்குச் சென்று, போரிலிருந்து திரும்பிய வீரர்கள் படிப்பதற்காக 1946-இல் வான்போர்ட் என்னும் ஊரில் ஒரு சிறு கல்லூரியைத் தொடங்கி நடத்தினார். 1948 மே மாதம் 30-ஆம் தேதி கொலம்பியா ஆறு கரையுடைத்துக்கொண்டு வந்து அந்த ஊரையே அடித்துக்கொண்டு போயிற்று. கட்டிடமும் போயிற்று, நூல்களும் போயின. கல்லூரியை மூடிவிடுவார்கள் என்றே பலரும் எண்ணினர். அது மூடப்படவில்லை. கிடைத்த இடத்தில், கிடைத்த பலகையில் பாடம் தொடர்ந்து நடந்தது. அச்சிறு கல்லூரிதான் வளர்ந்து இன்று போர்ட்லண்டு மாநிலப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

பதினொருவர் இல்லையென்றால் அறுவர். கட்டிடம் இல்லையென்றால் வேறொரு கொட்டகை. அந்த உபாத்தியாயர் இரண்டு இடங்களிலும் செய்தது ஒன்றே: இருப்பவர்களை எண்ணிப் பார்த்தார், பிறகு தொடங்கிவிட்டார்.